ஆயிரம் பேர் ஓடுகிறார்கள், ஓட்டத்தால் வாழ்பவர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் ஒரு தாயுடையது. மகனுக்கு 13 வயது, படிவம் 1. செந்தூல் மண்டலப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் 200 மீட்டரில் முதலாவதாக வந்திருக்கிறான், இனிமேல் ஓட்டம்தான் என் தொழில் என்று வீட்டில் சொல்லிவிட்டான். அப்பாவுக்குப் பெருமை, அம்மாவுக்குப் பயம். மாமா ஒருவர் வந்து, "ஆயிரம் பேர் ஓடுறாங்க, எத்தனை பேருக்கு அதுல சோறு கிடைச்சிருக்கு? நம்ம பிள்ளைங்களுக்கு அந்த அளவுக்கு முயற்சி பத்தாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இத்தனை பேர் விளையாடியும் மிகச் சிலர் மட்டும் தொழில்முறை விளையாட்டாளர் ஆவது ஏன், மாமா சொன்னது சரியா, பையனை விடலாமா கூடாதா என்று கேட்கிறார்.

சகோதரி, மாமா சொன்னதில் முதல் பாதி சரி. சோறு கிடைப்பவர்கள் குறைவுதான். இரண்டாம் பாதி தவறு, அதைக் கோபத்தோடே சொல்கிறேன். கோலாலம்பூரில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான், ஓய்வு பெற்ற பிறகும் மாலையில் திடலுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். முயற்சி இல்லாத பிள்ளைகளை அங்கே அதிகம் பார்த்ததில்லை. மத்தியானம் பள்ளி முடிந்து, ஒரு நாசி லெமாக் பொட்டலத்தோடு பஸ் பிடித்து வந்து, மழையில் நனைந்து, இரவு எட்டு மணிக்கு வீடு போய்ச் சேருகிற பிள்ளைகள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோர் விளையாட்டைத் தொழிலாக்கிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் அவர்களுடைய முயற்சிக்கு வெளியே இருக்கிறது, அதுவும் ஒரே காரணம் இல்லை.

முதல் காரணம் மிகச் சாதாரணமானது, ஆனாலும் யாரும் பேசுவதில்லை: வேலையே இல்லை. காற்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டில் அதிகம் பேர் ஆடும் ஆட்டம். மலேசிய சூப்பர் லீக்கில் அண்மைப் பருவங்களில் 13, 14 அணிகள். அணிக்கு 30 பேர் என்று தாராளமாக வைத்தாலும் 400 இடம். அதில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு ஒரு பங்கு போய்விடும். ஒருவர் பத்து வருடம் ஆடினால் அந்த இடம் பத்து வருடம் காலியாகாது, ஆக ஒவ்வொரு வருடமும் புதியவனுக்குத் திறக்கும் இடம் நூறு கூட இருக்காது. இதே நாட்டில் ஆசிரியர் வேலை நான்கு லட்சத்துக்கும் மேல். இதில் ஆசை, திறமை, உழைப்பு எதுவும் இன்னும் கணக்கில் வரவே இல்லை, வெறும் நாற்காலி எண்ணிக்கையே இதுதான்.

உங்கள் மகன் ஓட்டக்காரன், அவனுக்கு அந்த 400 நாற்காலி கூடக் கிடையாது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் அடங்கிய திடல்தடத்துக்கு நம் நாட்டில் தொழில்முறை லீக் என்று ஒன்று இல்லை. தேசிய விளையாட்டு மன்றத்தின் பயிற்சித் திட்டத்தில் இடம் கிடைத்தால் அலவன்ஸ், தங்குமிடம், பயிற்றுநர், மருத்துவம் எல்லாம் கிடைக்கும். அந்த இடம் பதக்க வாய்ப்பு உள்ளவர்களுக்குத்தான். பாரிஸ் 2024 ஒலிம்பிக்குக்கு மூன்று கோடியே நாற்பது லட்சம் பேர் உள்ள நாட்டிலிருந்து போனவர்கள் 26 பேர், எல்லா விளையாட்டும் சேர்த்து.

இரண்டாவது காரணம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரியதாகப் படுகிறது. விளையாட்டுத் தொழிலில் நடுவாந்திரம் என்பது கிடையாது. மலேசியாவின் ஐந்நூறாவது சிறந்த பல் மருத்துவர் யார் என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அவர் கிள்ளானிலோ காஜாங்கிலோ ஒரு கிளினிக் வைத்துக் குடும்பத்தை நன்றாகவே பார்த்துக்கொள்வார். பல் வலித்தால் நாம் பக்கத்தில் இருப்பவரிடம் போகிறோம், உலகிலேயே சிறந்தவரைத் தேடுவதில்லை. ஆட்டம் பார்ப்பதில் அப்படி இல்லை. பார்ப்பது என்று வந்துவிட்டால் சிறந்ததைத்தான் பார்ப்போம், பணமும் அங்கேதான் போகும். 1996ல் ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி வந்த பிறகு இது நம் கண் முன்னாலேயே நடந்தது. சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக் கடை) லிவர்பூல் ஆட்டத்துக்கு நாற்காலி கிடைக்காது, அதே வாரம் உள்ளூர் லீக் ஆட்டத்தில் அரங்கம் பாதிக்கு மேல் காலி. பார்ப்பவன் பணம் எந்தத் திசையில் போகிறதோ ஆட்டக்காரன் சம்பளமும் அந்தத் திசையில்தான் போகும். உள்ளூர் குழுக்கள் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி வைப்பதும், லீக்கிலிருந்தே விலகிப் போவதும் இங்கே புதிய செய்தி இல்லை.

நம் சமூகத்துக்கே நெருக்கமான ஒரு உதாரணம் இருக்கிறது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவான குழு, முதலில் சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையான மலேசிய பிரீமியர் லீக்கில் ஆடி, 2019ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி சூப்பர் லீக்குக்கே வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறந்துவிட்டது என்று எவ்வளவு பேர் சந்தோஷப்பட்டோம். 2023 பருவத்துக்கு முன் அது விலகிக்கொண்டது. குழு போனால் அந்த 30 வேலையும் ஒரே நாளில் போய்விடும், அந்த ஆட்டக்காரர்கள் முந்தின நாள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தார்களோ மறுநாளும் அவ்வளவே திறமைசாலிகள்தான்.

தனி விளையாட்டில் இன்னும் கடினம். பூப்பந்தில் (பேட்மிண்டன்) பெரிய போட்டிகளின் பரிசுத் தொகையைத்தான் செய்தியில் பார்க்கிறோம், மலேசிய ஓபனுக்கு மொத்தம் பத்து லட்சம் டாலருக்கு மேல். அந்தப் போட்டிக்குள் நுழையவே உலகத் தரவரிசையில் முதல் முப்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கீழ்மட்டத்தில் இருக்கும் இன்டர்நேஷனல் சேலஞ்ச் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர் அளவுதான், ஒற்றையர் பட்டத்தை வென்றவனுக்கே ஆயிரத்துச் சொச்சம் டாலர். விமான டிக்கெட், ஓட்டல், நுழைவுக் கட்டணம் எல்லாம் அவன் கைக்காசு. பட்டம் வென்று திரும்பி வருகிறவனுக்கே கையில் எதுவும் மிஞ்சாது என்றால், கால் இறுதியில் தோற்றவன் நிலை என்ன? டென்னிஸில் சர்வதேச டென்னிஸ் சம்மேளனமே 2013ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தது. தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய சுமார் 14,000 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பரிசாக ஒரு காசும் பெறவில்லை. ஆண்களில் உலகத் தரவரிசை 336, பெண்களில் 253, அதற்கு மேலே இருந்தவர்களுக்குத்தான் செலவும் வரவும் சரிக்குச் சரி ஆனது, அதுவும் பயிற்றுநர் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல். உலகத்தில் முந்நூற்று முப்பத்தாறாவது ஆள்! வேறு எந்தத் தொழிலில் அந்த இடத்தில் இருப்பவன் அப்பா அம்மாவிடம் பணம் வாங்கிக்கொண்டிருப்பான்?

நம் அரசாங்கத்தின் பரிசுத் திட்டமும் இதே வடிவம்தான். ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் ரிங்கிட், மாதம் 5,000 ஓய்வூதியம். வெள்ளிப் பதக்கத்துக்கு 3 லட்சமும் மாதம் 3,000மும், வெண்கலத்துக்கு ஒரு லட்சமும் மாதம் 2,000மும். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1956 முதல் பாரிஸ் வரை ஒலிம்பிக்கில் நமக்குக் கிடைத்தது மொத்தம் 15 பதக்கம், தங்கம் ஒன்றுகூட இல்லை (பாராலிம்பிக்கில் தங்கம் வென்றிருக்கிறோம், அவர்களை இந்த இடத்தில் மறக்கக் கூடாது). பூப்பந்து மகளிர் இரட்டையரில் தினா முரளிதரனும் பெர்லி டானும் பாரிஸில் அரை இறுதி வரை போனார்கள், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் தோற்று நான்காவது. உலகத்தில் நான்காவது ஜோடி! அந்தப் பரிசு அட்டவணை மூன்றோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் அதற்குப் பிறகும் ஆடி 2025 உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் எடுத்தார்கள் என்பது வேறு விஷயம், எத்தனை பேருக்கு அந்த இன்னொரு வருடம் வாய்க்கும்?

முன்பு அந்த நடு என்று ஒன்று இருந்தது, நம் ஆட்களுக்கு அது நன்றாகவே இருந்தது. எழுபது எண்பதுகளில் காற்பந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய அணியில் எம். சந்திரன், 1980 மாஸ்கோவுக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்காவலர் "ஸ்பைடர்மேன்" ஆறுமுகம், பிறகு பயிற்றுநராகி 2010ல் ஆசியான் கிண்ணம் வாங்கித் தந்த ராஜகோபால். அந்தக் காலத்தில் ஆட்டம் முழுநேரத் தொழில் இல்லை. போலீஸ், ராணுவம், வங்கி, மின்சார வாரியம், நகராண்மைக் கழகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள், சாயங்காலம் பயிற்சிக்கு விடுவார்கள், கால் போனால் வேலை போகாது. முப்பத்தைந்து வயதில் ஆட்டம் முடிந்தபின் அதே அலுவலகத்தில் மேசைக்குப் போய் உட்கார்ந்து ஓய்வூதியம் வரை இருப்பார்கள். மாநில அணிக்குப் போக முடியாத ஆட்டக்காரனுக்கும் அதில் ஒரு இடம் இருந்தது. 1989ல் அரைத் தொழில்முறை லீக், 1994ல் முழுத் தொழில்முறை என்று மாறியபோது உச்சியில் இருந்தவர்களுக்குச் சம்பளம் ஏறியது, அது நல்லதுதான். அதோடு அந்த வேலை போட்ட பாலமும் மெல்ல மெல்லக் காணாமல் போனது. இப்போது இருபத்தி நான்கு வயதில் குழு கைவிட்டால் அவன் கையில் இருப்பது பூட்ஸ் மட்டும். என்னிடம் ஓடிப் பழகி, பிறகு காற்பந்துக்குப் போன ஒரு பையன் மாநில அளவில் ஆடியவன், அவன் ஆடிய குழு பல மாதம் சம்பளம் தரவில்லை. அவன் இன்று லாரி ஓட்டுகிறான். உழைப்பில் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, உடம்புக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் மகன் விஷயத்தில் இது அவசரமாகத் தெரிய வேண்டியது. 13 வயதில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயிப்பது என்பது பெரிய அளவில் யார் முதலில் வயசுக்கு வந்தான் என்பதைப் பொறுத்தது. ஆண் பிள்ளைகள் வேகமாக உயரம் போடுவது சராசரியாக 14 வயதை ஒட்டி, ஆனால் ஒருவனுக்கு 12லேயே வரும், இன்னொருவனுக்கு 16 ஆகும். ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் குழந்தை முகக்காரனும் பக்கத்துப் பக்கத்துக் கோட்டில் நின்று ஓடுகிறார்கள். அதோடு வயதுப் பிரிவு வேறு: பிறந்த வருடத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, நடுவில் பதினோரு மாதம் வித்தியாசம். கனடாவில் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதத்தைப் பார்த்து 1985ல் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது, மேல்மட்ட அணிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். சின்ன வயதில் கொஞ்சம் பெரியவனாக இருந்ததால் தேர்வானான், தேர்வானதால் நல்ல பயிற்சி கிடைத்தது, நல்ல பயிற்சியால் உண்மையிலேயே சிறந்தவன் ஆனான். டிசம்பர்க்காரன் பன்னிரண்டு வயதிலேயே "நமக்கு வராது" என்று வீட்டுக்குப் போய்விட்டான்.

உலகத் தரத்துக்கு வந்தவர்களின் இளமையைத் திரட்டிப் பார்த்த ஆய்வுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களில் பலர் சின்ன வயதில் ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டு ஆடியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாகவே முன்னேறியவர்கள். பதின்ம வயதுச் சாம்பியன்களில் பெரும்பாலோர் பெரியவர் பிரிவில் காணாமல் போகிறார்கள். ஆக, 13ல் முதலிடம் என்பது சந்தோஷப்பட வேண்டிய விஷயம், கணிப்பு இல்லை. அதே போல, இந்த வருடம் கடைசியாக வந்தவனின் அம்மாவுக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

பயிற்சி செய்தால் எவனும் வரலாம், பத்தாயிரம் மணி நேரம் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதன் மூலம் 1993ல் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு, ஓட்டக்காரர்களை வைத்துச் செய்தது இல்லை. 2016ல் விளையாட்டு பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் பயிற்சி மணி நேரம் விளக்கியது 18 சதவீதம். மேல்மட்ட ஆட்டக்காரர்களை மட்டும் தனியாக எடுத்தால் ஒரே ஒரு சதவீதம். பயிற்சி வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த மட்டத்தில் எல்லோருமே உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்கிறார்கள், அதனால் பயிற்சி ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரிப்பதில்லை. பிரிப்பது பிறவி உடம்பும் வேறு பலவும். அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பம் குடும்பமாக ஆட்களைச் சேர்த்து 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு உடம்பு ஆக்சிஜன் வாங்கும் திறன் ஒரு லிட்டருக்கு மேல் ஏறியது, சிலருக்கு ஏறவே இல்லை, அந்த வித்தியாசத்தில் கிட்டத்தட்டப் பாதி குடும்பத்தோடு வந்தது. வேக ஓட்டத்துக்கு ஏசிடிஎன்3 என்ற மரபணுவைப் பற்றிப் பேசுவார்கள், அதன் புரதம் உலகில் சுமார் 18 சதவீதம் பேர் உடம்பில் இல்லை, உச்ச மட்ட வேக ஓட்டக்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் மிக அரிது. ஆனால் அது இருக்கிற கோடிக்கணக்கானவர்கள் வேகமாக ஓடுவதில்லை. இதை வைத்துப் பிள்ளைக்கு எது விளையாட்டு என்று சொல்கிறோம் என்று மரபணுப் பரிசோதனை விற்கிறார்கள், தயவுசெய்து பணத்தை அதில் போடாதீர்கள், அந்தக் காசுக்கு அவனுக்கு முட்டையும் கோழியும் வாங்கிக்கொடுங்கள்.

உச்சி எவ்வளவு தூரம் என்பதற்கு உங்கள் மகனின் 200 மீட்டரையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் எடுத்தவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 20.92 வினாடியில் ஓடினார். நம் நாட்டில் அதை முறியடிக்க 49 வருடம் ஆனது, 2017ல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90. அரை நூற்றாண்டில் ஒரு நாடு முழுவதும் சேர்ந்து நகர்ந்தது நூறில் இரண்டு பங்கு வினாடி. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி 20.16. அந்த இடைவெளி திடலில் ஏழு மீட்டருக்கு மேல். இன்னொன்றையும் கவனியுங்கள். ஜெகதீசன் ஓடிய நாளிலேயே மருத்துவம் படித்தவர், பிறகு சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர் வரை போனார். நம் ஆட்களில் ஆகச் சிறந்த ஓட்டக்காரரும் ஓட்டத்தால் பிழைக்கவில்லை.

காயம், அதிர்ஷ்டம் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. சுங்கை பட்டாணிப் பெண் சிவசங்கரி சுப்ரமணியம் 2022ல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, எழுந்து வந்து, அடுத்த வருடமே ஆசிய விளையாட்டில் சுவர்ப்பந்துத் (ஸ்குவாஷ்) தங்கம் எடுத்தார், 2024ல் லண்டன் கிளாசிக் வென்றார். எனக்கு அவரை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அவர் எழுந்து வர ஒரு குழுவே சுற்றி நின்றது, மாவட்ட அளவில் ஓடும் பிள்ளைக்குத் தசை கிழிந்தால் அரசு மருத்துவமனை வரிசைதான். இது போக, ஆடுகிறவன் கையில் இல்லாத முடிவுகள் இருக்கின்றன. 1980ல் நம் காற்பந்து அணி தகுதி பெற்றும் நாடு மாஸ்கோவைப் புறக்கணித்தது, போகவில்லை. 1998 காமன்வெல்த் விளையாட்டில் இதே கோலாலம்பூர் வெயிலில் 50 கிலோமீட்டர் நடைப் பந்தயத்தில் ஜி. சரவணன் தங்கம் எடுத்தார், அந்தப் பந்தயமே தோக்கியோவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் இல்லை. பினாங்கு சுவர்ப்பந்து வீராங்கனை நிக்கோல் டேவிட் 108 மாதம் தொடர்ந்து உலக முதல் நிலையில் இருந்தவர், எட்டு முறை உலகச் சாம்பியன், ஒலிம்பிக்கில் ஒரு நாள்கூட ஆடியதில்லை, ஏனென்றால் சுவர்ப்பந்து 2028ல்தான் முதல் முறையாக உள்ளே வருகிறது.

அதே நிக்கோலைப் பற்றி இன்னொன்று. பினாங்கில் ஒரு சுவர்ப்பந்து மையம் இருந்தது, அப்பா விளையாட்டு ஆர்வம் உள்ளவர், அக்காமார் இருவரும் ஆடினார்கள், இவர் ஐந்து வயதில் மட்டையைத் தொட்டார். திறமை இல்லாமல் யாரும் 108 மாதம் மேலே இருக்க முடியாது. பக்கத்தில் கோர்ட் இல்லாத இடத்தில் அதே திறமையோடு பிறந்த பெண் தனக்கு அது இருக்கிறது என்றே தெரியாமல் வாழ்ந்து முடிப்பாள். மாமா "நம்ம பிள்ளைங்க" என்று சொன்னாரே, அவரிடம் இதைக் கேளுங்கள்: நம் பிள்ளைகளின் திடல் எங்கே போனது? தோட்டத்தில் ஏழ்மை இருந்தது, ஆனால் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு திடல் இருந்தது, தோட்டக் குழு இருந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி இருந்தது, பால்மரம் வெட்டி முடித்த ஆண்கள் சாயங்காலம் பந்து உதைத்தார்கள், சின்னப் பையன்கள் கோட்டுக்கு வெளியே நின்று கற்றுக்கொண்டார்கள். எண்பது தொண்ணூறுகளில் தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது நம் குடும்பங்கள் அடுக்குமாடிக்கு வந்தன. அங்கே கீழே இருப்பது கார் நிறுத்துமிடம். புட்சால் கோர்ட் வேண்டுமென்றால் மணிக் கணக்கில் வாடகை. புக்கிட் ஜாலிலே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான், தேசிய அரங்கமும் விளையாட்டுப் பள்ளியும் வந்த அந்த வட்டாரத்தில் நம் ஆட்கள் மரம் சீவினார்கள், கடைசிக் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் போராடின. நாட்டின் மிகச் சிறந்த ஓடுதளத்தை அங்கே போட்டார்கள், அந்தத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் அதில் ஓட வசதி பெற்றார்கள்?

இத்தனைக்குப் பிறகும் பெற்றோர் டியூஷன் பக்கம் தள்ளுவது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போய் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சாத வீட்டில், பிள்ளை பத்து வருடம் பந்தயம் கட்டித் தோற்றால் தாங்க ஆள் இல்லை. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை தோற்றால் அப்பா கடைக்குப் போய் உட்காருவான். அப்படித் தாங்க ஆள் உள்ள வீடுகள் குறைவாக இருப்பதால்தான் தொழில்முறைக்கு வருபவர்களும் குறைவு.

தேர்வில் பாரபட்சம் இருக்கிறதா என்பதும் நம் வீடுகளில் பேசப்படும் பேச்சு. கண்ணால் பார்த்துத் தேர்வு செய்யும் குழு விளையாட்டுகளில் எப்போதும் சந்தேகம் வரும், சில நேரம் நியாயமாகவே வரும். ஓட்டத்தில் ஒரு நல்லது, கடிகாரத்தை யாரும் மாற்ற முடியாது. அந்த விதத்தில் உங்கள் மகன் சரியான விளையாட்டைத்தான் எடுத்திருக்கிறான்.

விடலாமா என்றால், விடுங்கள். தொழிலாகவா என்ற முடிவை மட்டும் இப்போது எடுக்காதீர்கள், அது 17 வயதில் எடுக்க வேண்டிய முடிவு, படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளித் தேர்வுக்கு அனுப்பலாம், கிடைத்தால் அங்கே படிப்பும் சேர்ந்தே வரும், கிடைக்காவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று அவனை நினைக்க விடாதீர்கள், தாமதமாக வளர்கிறவர்களைத் தேர்வாளர்கள் தவறவிடுவது நான் பலமுறை பார்த்த விஷயம். அஸீம் ஃபாமி 2022ல் 100 மீட்டரை 10.09 வினாடியில் ஓடித் தேசியச் சாதனை வைத்தபின் அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனார், சிவசங்கரி கார்னெலில் படித்தார். இந்த வழியைத்தான் நான் பெற்றோருக்குச் சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டம் நின்றாலும் பட்டம் நிற்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள், தொழில்முறைக்குப் போவது இரண்டு சதவீதம்கூட இல்லை, ஆனால் மிச்சப் பேரில் பெரும்பாலோருக்கு ஒரு பட்டம் கிடைக்கிறது. அதற்கு ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும் வேண்டும், பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், படிப்பும் பயிற்சியில் ஒரு பகுதி என்று. இங்கேயே என்றால் மலாயா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் இருக்கிறது, உடற்பயிற்சி மருத்துவம், பயிற்றுநர், உடற்கல்வி ஆசிரியர் என்று அந்தத் திடலைச் சுற்றியே வேறு வேலைகளும் இருக்கின்றன.

பயிற்சி வாரத்தில் மூன்று நாள் போதும், மற்ற நாளில் காற்பந்தோ பூப்பந்தோ சிலம்பமோ எது பிடிக்கிறதோ ஆடட்டும். 13 வயதுப் பையனைத் தினமும் முழு வேகத்தில் ஓட விடும் பயிற்றுநரிடம் இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். திடீரென்று உயரம் போடும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே வலி, வீக்கம் என்று சொன்னால் ஓட்டத்தைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள், சோம்பேறித்தனம் என்று திட்ட வேண்டாம். மத்தியான மின்னலில் திடலில் நிற்க வேண்டாம். ஸ்பைக்ஸ் (ஆணிக் காலணி) விலை உயர்ந்ததாக இப்போது வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும், அண்ணன்மார் போட்டு விட்டது கிடைத்தாலே போதும். ஒரு நோட்டில் தேதி, உயரம், எடை, 100 மீட்டர், 200 மீட்டர் நேரம், இவற்றை மட்டும் மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். 16 வயதில் உயரம் நின்ற பிறகும் நேரம் குறைந்துகொண்டே வந்தால் அந்த நோட்டோடு ஒரு நல்ல பயிற்றுநரிடம் போங்கள், வேண்டுமானால் என்னிடம் வாருங்கள், நானே கூட்டிப் போய் அறிமுகம் செய்து வைக்கிறேன்.